மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம்

நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் என் வகுப்புக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் ஒரு மரத்தடுப்பு. பம்பாய் செம்பூரில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து முனிசிபாலிட்டி நடத்திய பள்ளி அது. காலையில் மராத்தி வகுப்புகள். மதியத்துக்கு மேல் கீழ்த்தளத்தில் இந்தி. மாடியில் இருந்த நீளமான ஹாலில் தடுப்புக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் சிந்தி. தடுப்பு என் தலைக்கு மேல் ஒரு முழம் இருக்கும். அதற்கு மேல் கூரை வரைக்கும் வெறும் காற்றுதான்.

அறுபதுகளின் தொடக்கம். அதற்கு முன் தாராவியில் என் கணவரின் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். அவர் ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். நான் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். எனக்கு வேலை கிடைத்ததும் செம்பூரில் ஒற்றை அறையும் சமைக்க ஓர் ஒதுக்கும் உள்ள வீட்டுக்கு வந்தோம். ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் மாமரம் வைத்த பங்களாக்கள், அந்தப் பக்கம் தேசப் பிரிவினையில் வந்தவர்களுக்காக அமைத்த சிந்தி கேம்ப், நடுவில் எங்களைப் போன்ற ஆபீஸ் குடும்பங்கள், தூரத்தில் டிராம்பே பக்கம் புகைபோக்கிகள். காற்று அங்கிருந்து திரும்பினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். வந்த புதிதில் ஜன்னலைச் சாத்துவேன். பிறகு சாத்துவதையும் விட்டுவிட்டேன்.

விடியுமுன் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். கணவருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் சமைத்து, குழந்தைகளைப் பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாளிடம் விட்டு, ரேஷன் கியூவில் நின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது எனக்கு அன்றைய நாள் முடிந்துவிட்டது போல இருக்கும். பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

முதல் வாரத்திலேயே சிந்தி வாத்தியாரோடு சண்டை. என் பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கோரஸாகச் சொல்ல, தடுப்புக்கு மேலே ஒரு பிரம்பு எட்டிப் பார்த்துத் தட்டியது. பிறகு அவரே சுற்றிக்கொண்டு வந்து நின்றார். உயரமான மனிதர். வெள்ளைப் பைஜாமா, மேலே மூடிய கோட்டு. சாக்பீஸ் தூசு ஒத்துக்கொள்ளாததால் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார். அது ஒரு கொள்ளைக்காரன் போன்ற தோற்றத்தைக் கொடுத்ததில் என் பிள்ளைகள் கப்சிப் என்று அடங்கிவிட்டார்கள்.

"பெஹன்ஜி, நான் அங்கே கவிதை நடத்துகிறேன்" என்றார்.

"நான் இங்கே கணக்கு நடத்துகிறேன், மாஸ்டர்ஜி" என்றேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது பம்பாய் இந்தி. இருவருமே அதைத் தப்பாகத்தான் பேசினோம். அவர் ஒரு விதமாக, நான் வேறு விதமாக. கோபத்தை அதில் அதிக நேரம் இழுத்துக்கொண்டு போக முடியாது. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் வாய்ப்பாடு சொல்லவைக்கும்போது அவர் எழுத்துப் பயிற்சி கொடுப்பது, அவர் கவிதை நடத்தும்போது நான் எழுதவைப்பது.

பிள்ளைகளுக்கு எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. தடுப்பில் இரண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. ஒரு நாள் ஒரு பையன் அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"டீச்சர், அந்த சாரு தப்பா எழுதுதாரு. கடைசியில இருந்து ஆரம்பிக்காரு."

சிந்தியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதே வருடம் ஒரு மதியம் அந்தப் பக்கம் மாஸ்டர்ஜி ஏதோ கணக்குக் கேட்க, அவருடைய மாணவன் ஒருவன் "ஈரெட்டு பதினாறு" என்று கத்தினான். ஹால் முழுதும் சிரிப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரும் சிரிப்பது கேட்டது.

அவர் கேம்பில் ஒரு பாரக்கில், வரிசையாகத் தடுத்த நீளக் கொட்டகை வீடுகளில் ஒன்றில், மனைவியோடு இருந்தார். ஒரே மகளை உல்லாஸ்நகரில் கட்டிக் கொடுத்திருந்தார். சொந்த ஊர் ஹைதராபாத் என்பார். "உங்கள் ஹைதராபாத் இல்லை, எங்களுடையது" என்று உடனே சேர்த்துக்கொள்வார், பாகிஸ்தானுக்குப் போய்விட்ட சிந்துவில் இருக்கும் ஹைதராபாத். அதற்கு மேல் ஊரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கால் வலி, வெங்காய விலை, மாடிப்படியின் உடைந்த கைப்பிடி, எப்போதும் வராத புதிய பெஞ்சுகள், இவைதான் எங்கள் பேச்சு. இடைவேளையில் அவர் மனைவி கொடுத்தனுப்பிய அப்பளத்தில் பாதியைத் தடுப்புக்கு மேலாக நீட்டுவார். அது எங்கள் அப்பளம் போல இருக்காது. மிளகு தூக்கலாக, சுட்டது. தலைவலி பிடித்த நாட்களில் அதன் காரம் நன்றாக இருக்கும்.

பிறகு டிராம்பே பக்கம் ஒவ்வொரு தொழிற்சாலையாக வந்தது. கட்டட வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிக் கோணியும் தகரமுமாகக் குடிசைகள் முளைத்தன. ஜூன் மாதம் பள்ளி திறந்தால் மாடிப்படியில் நிற்க இடமில்லாமல் தமிழ்ப் பிள்ளைகள். பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்த இடத்தில் ஐந்து பேர். அதே நேரத்தில் கேம்ப் வேறு விதமாக மாறிக்கொண்டிருந்தது. பாரக்குகளின் முன்பக்கம் கடைகள் வந்தன. துணிக்கடை, ஃபர்னிச்சர் கடை. கடைக்கு மேல் மாடி வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்தார்கள். மாஸ்டர்ஜியின் பக்கத்தில் பின் பெஞ்சுகள் காலியாகின.

இடமில்லாமல் நான்தான் ஒரு ஜூனில் போய்க் கேட்டேன். "மாஸ்டர்ஜி, தடுப்பைக் கொஞ்சம் தள்ளிக்கலாமா?"

"தாராளமாக" என்றவர் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தானே வந்து தோள் கொடுத்தார். தரை கீறாமலிருக்கத் தடுப்பின் கால்களுக்கு அடியில் பழைய செய்தித்தாளை மடித்து வைத்தார். இரண்டு பெஞ்சு வரிசைக்கு இடம் கிடைத்தது.

அடுத்த வருடமும் கேட்டேன். அந்த முறை அவர் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ப்யூனும் பெரிய பிள்ளைகளும் தள்ளினார்கள். அதற்கும் அடுத்த வருடம் எப்படிக் கேட்பது என்று விடுமுறை முழுதும் எனக்கு உறுத்தலாக இருந்தது. பள்ளி திறந்த அன்று மாடியேறிப் போனால் தடுப்பு ஏற்கெனவே நகர்ந்திருந்தது. நான் கேட்க நினைத்ததைவிட அதிகமாகவே நகர்ந்திருந்தது. அவர் தன் பக்கத்து மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீக்கிரமே வந்து தனியாகத் தள்ளியிருக்கிறார்.

"போதுமா, பெஹன்ஜி?" என்று கேட்டார்.

போதும் என்றேன்.

அந்த வருடம் இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு, பிள்ளைகள் இன்னும் குறைந்தால் சிந்தி வகுப்பை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு வந்தது. மாஸ்டர்ஜி ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கினார். ஒரு நாள் என்னையும் கூட வரச் சொன்னார். கடைக்காரர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள், பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் தான் தனியாகப் போய் நிற்பது சரியில்லை என்றார். எனக்கு ஞாயிறு என்பது துவைக்கிற நாள். என் கணவர் முணுமுணுத்தார். "ஏளா, வாரத்துல ஒரு நாளு. அதையும் பள்ளிக்கூடத்துக்கே குடுக்கியா?" ஆனால் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். நான் போனேன்.

பல வீடுகளில் எங்களை உட்காரவைத்து அப்பளமும் தண்ணீரும் கொடுத்தார்கள். அது அவர்கள் வழக்கம். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். யாரும் பிள்ளையைத் தருவதாகச் சொல்லவில்லை. கடைசியாகப் புதிதாகக் கட்டிய ஒரு மாடி வீட்டுக்குப் போனோம். கீழே பெரிய துணிக்கடை. அதன் முதலாளி மாஸ்டர்ஜியிடம் கேம்ப் பாரக்கில் படித்தவன். அன்று வீட்டில் இருந்தான். வாசலிலேயே அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சோபாவில் எங்களை உட்காரவைத்துவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தான். மாஸ்டர்ஜி விஷயத்தைச் சொன்னார்.

அவன் எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ இந்தியிலேயே பேசினான்.

"மாஸ்டர்ஜி, நீங்கள் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் பையன் சிந்தி எழுதப் படித்து யாருக்கு எழுதுவான்? மராத்திக்காரனுக்கு மண் இருக்கிறது. இந்த டீச்சருக்கு மதராஸ் இருக்கிறது. நமக்கு எங்கே இருக்கிறது?"

மாஸ்டர்ஜி தட்டிலிருந்த அப்பளத்தைச் சின்னச் சின்னதாக ஒடித்து முழுவதையும் தின்று முடித்தார். தண்ணீர் குடித்தார். உள்ளே இருந்த அவன் மகனைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும்போது வெயில் தாங்கவில்லை. நாலாவை ஒட்டிய குறுக்குப் பாதையில் நடந்தோம். "அவன் சொன்னது சரிதான்" என்றார் மாஸ்டர்ஜி. "அதுதான் கஷ்டமாக இருக்கிறது. தப்பாகப் பேசியிருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு வந்திருப்பேன்."

குடிசைகளைத் தாண்டும்போது ஒரு பெண் என்னைப் பார்த்து ஓடிவந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் இரண்டு.

"டீச்சரம்மா, ஒங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். இவன் பெரியவன், இவா சின்னவ. ரெண்டையும் ஒங்க கிளாசுல சேத்துக்கிடுங்க. சித்தாள் வேலைக்குப் போற எடத்துல இதுகளயும் வச்சிக்கிட முடியலம்மா."

அவள் குரல் கேட்டு இன்னொருத்தி வந்தாள். பிறகு இன்னும் ஒருத்தி. எல்லோர் கையிலும் பிள்ளைகள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க, அங்கே வைத்துப் பேசலாம் என்று அவர்களை அனுப்ப நான் தவித்தேன். மாஸ்டர்ஜிக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் சற்றுத் தள்ளிப் போய் நாலாவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். நான் வந்து சேர்ந்ததும், "பேச்சை நடுவில் நிறுத்தியிருக்க வேண்டாம், எனக்கு அவசரமில்லை" என்றார்.

அதற்கடுத்த வருடம்தான் பம்பாய் மராத்தியருக்கே என்று மதராஸிகளுக்கு எதிரான கோஷங்கள் எழுந்தன. ஸ்டேஷன் சுவரில் எழுதினார்கள். ஓர் உடுப்பி ஹோட்டலின் கண்ணாடியை உடைத்தார்கள். சில நாட்கள் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள் என் தலையிலிருந்த பூவைத் தன் கையாலேயே எடுத்து, "கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றாள். என் குழந்தைகளை அவள் தன் வீட்டிலேயே படுக்கவைத்துக்கொண்டாள். கண்ணாடி உடைக்கிற கூட்டத்தில் அவள் தம்பியும் போகிறான் என்று தெருவில் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான்.

என் கணவர் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிவைத்தார்.

"ஊருக்குப் போயிருவோமா?"

"போயி?"

"போயி என்ன... ஏதாவது பாக்கலாம். இல்லன்னா டோம்பிவிலி, காட்கோபர்னு எங்கயாவது மாறுவோம்."

"அங்க மட்டும் நம்மள மாலை போட்டா கூப்புடுவாங்க?"

பெட்டி கதவோரமாகவே கிடந்தது. அன்றாடம் உடுத்தும் துணிக்கு அதைத் திறப்பதும் மறுபடி அடுக்குவதுமாக இருந்தோம். பள்ளி திறந்ததும் மாஸ்டர்ஜியிடம் இதைச் சொன்னேன். அவர் பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை.

"போவதென்றால் போய்விடுங்கள், பெஹன்ஜி. இருப்பதென்றால் பெட்டியைப் பிரித்துவிடுங்கள். ஹைதராபாத்தை விட்டு வருமுன் நாங்கள் ஆறு மாதம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். அந்த ஆறு மாதம்தான் என் மனைவிக்கு முடி நரைத்தது."

அன்று வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். அது துணிச்சல் இல்லை. போவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். எனக்கு அது இல்லை. ஊரில் போய் வீடு பார்த்து, வேலை தேடி, பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து என்று நினைத்தாலே உடம்பு தளர்ந்தது. இங்கே குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்றாவது தெரியும்.

சிந்தி வகுப்பை அந்த வருடக் கடைசியில் மூடினார்கள். மீதமிருந்த பிள்ளைகளைக் கீழே இந்தி வகுப்பில் சேர்த்தார்கள். மாஸ்டர்ஜிக்கு ரிட்டயராக இன்னும் கொஞ்ச காலம் இருந்ததால் குர்லாவில் ஓர் ஆபீசில் போட்டார்கள். வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு, பிரம்பை என் மேசைமேல் வைத்துவிட்டு, "உங்களுக்குத்தான் இனி தேவைப்படும்" என்று சொல்லிப் போனார். ஆட்கள் வந்து மரத்தடுப்பைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். ஹால் முழுதும் எனக்கு. ஒரு கோடியில் நின்று பேசினால் மறு கோடிக்குக் கேட்காது. கத்திக் கத்தி அந்த மழைக்காலத்திலேயே என் தொண்டை கட்டியது. பிறகு எப்போதும் பழைய குரல் திரும்பவே இல்லை.

என் கணவர் எங்கள் மூத்தவனை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்க வேண்டும் என்றார். வாதாட என்னால் முடியவில்லை. வாதாட என்ன இருந்தது என்றும் தெரியவில்லை. அவன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். இந்தியில் சண்டை போடுவான்.

அதற்கும் பிறகு ஒரு சாயங்காலம் காய்கறி வாங்கிவிட்டு ஸ்டேஷன் வழியாக வந்தேன். பிளாட்பாரத்து பெஞ்சில் மாஸ்டர்ஜியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் இரண்டு மூட்டைகள், ஒரு பெட்டி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு ஸ்டவ். பாரக் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்க உல்லாஸ்நகர் போகிறார்கள். பெரிய சாமான்கள் டெம்போவில் முன்னாலேயே போய்விட்டன. அந்த அம்மாளை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். குட்டையான, வெளுத்த பெண்மணி. தலை முழுதும் வெள்ளை. என் கையைப் பிடித்து சிந்தியில் ஏதோ சொன்னாள்.

"உங்கள் சத்தம் வீடுவரைக்கும் கேட்குமாம்" என்று மாஸ்டர்ஜி மொழிபெயர்த்தார். "பொய் சொல்கிறாள். நான் வீட்டுக்குப் போய்ப் புலம்பியதைத்தான் கேட்டிருக்கிறாள்."

"இப்போது சத்தமே வருவதில்லை, மாஸ்டர்ஜி" என்றேன், கரகரத்த குரலில்.

"வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்."

"அங்கே சௌகரியமாக இருக்குமா?"

"எல்லோரும் எங்கள் ஆட்கள்தான். கடைப் பலகைகூட சிந்தியில் இருக்கிறது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டேன், பெஹன்ஜி. யாரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் இங்கேதான்."

ரயில் வந்தது. குர்லாவில் இறங்கி மாற வேண்டும். கூட்டம் அதிகமில்லை. மூட்டைகளை ஏற்ற நானும் கை கொடுத்தேன். அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முந்தானையால் கம்பியைத் துடைத்தாள். மாஸ்டர்ஜி வாசலில் நின்றபடி ஸ்டவ்வின் கயிறு அவிழ்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் வைத்தபோது சிமெண்டின் சூடு இதமாக இருந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள் என்று தெரியும். ஃபோர்ட் பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் நின்று நின்று போயின. அப்படி வந்த ஒன்றிலிருந்து என் கணவர் இறங்கினார். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"ஏளா, என்ன ஆச்சு? இங்க எதுக்கு ஒக்காந்திருக்க?"

"ஒண்ணுமில்ல. கால் வலிச்சது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காய்கறிப் பையை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நான் செருப்பை மாட்டும்வரை நின்றார். மெதுவாகவே நடந்தோம். வழியில் எங்கோ ஒரு பழைய பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். தூசு தெரு முழுதும் படர்ந்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் மாறினோம்.